சொட்டு நீலம்

காலையில் பாப்பா முற்றத்துக் கதவைத் திறந்தபோது வண்டி மண்டி போட்டிருந்தது. முன் சக்கரங்கள் இரண்டும் மட்கார்டுக்குள் புதைந்து, மூக்கு தரையைத் தொட, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, சுமை ஏற்றாதே என்று அடம்பிடிக்கும் ஒட்டகம் மாதிரிக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் ஓட்டிவந்து நிறுத்தியபோது நெஞ்சை நிமிர்த்தி நின்ற வண்டி. பக்கத்தில் அண்ணனும் அதே மாதிரிதான் நின்றான்.

“அண்ணி, கொஞ்சம் வாங்களேன்.”

அண்ணி அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கரண்டியும் கையுமாக வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“உங்க அண்ணனை எழுப்பு. கால்ல விழுந்து கிடக்குது. ஆசீர்வாதம் பண்ணி அனுப்பச் சொல்லு.”

அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். பார்த்ததும் முகம் செத்துவிட்டது. ஆனால் செத்த முகத்தை எழுப்பி உட்கார வைப்பதில் அவன் கெட்டிக்காரன்.

“இதுகூடத் தெரியாதா உங்களுக்கு? பெரிய வண்டிங்க அப்படித்தான். ராத்திரி உக்காந்துக்கும், காலையில சாவி போட்டா எழுந்துக்கும். ஏறி இறங்குறவங்களுக்கு வசதி.”

“ராத்திரியில யாருங்க ஏறி இறங்குறா?”

“உனக்குச் சொன்னாப் புரியாது.”

சாவி போட்டான். அடியில் எங்கோ ஆஸ்துமாக்காரன் மூச்சு இழுப்பது போலச் சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு மேலே வந்தது. பாதி வழியில் ஒரு தடவை நின்று யோசித்தது. பிறகு எழுந்தது. அண்ணன் இரண்டு பெண்களையும் திரும்பிப் பார்த்த பார்வையில், அதைத் தானே பெற்றெடுத்த பெருமை இருந்தது. அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அவர்களுடையது சலவைக்கடை. அப்பா விட்டுப் போனது. சாகும் முன்பே இரண்டு பிள்ளைகள் பேருக்கும் சமமாக எழுதிவிட்டுப் போனார். அண்ணன் அதை ஒரு நல்ல தகப்பனின் சின்னத் தவறு என்று கருதினான். வெளியே போவது, பேசுவது, பணம் வாங்குவது எல்லாம் அவன். உள்ளே வெளுப்பது, பிழிவது, காயப்போடுவது, தேய்ப்பது எல்லாம் பாப்பாவும் அண்ணியும். முப்பத்தாறு வயதிலும் அவள் பாப்பாதான். கல்யாணம் ஆகவில்லை, வெளியாட்களிடம் பேச வாய் வராது, தெரு முனைக் கடைக்குப் போனாலும் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குப் பேர் எதற்கு என்று எல்லோருமே விட்டுவிட்டார்கள்.

கடையின் சோறு ஒரே ஒரு ஓட்டலில் இருந்து வந்தது. அங்கே தங்குகிறவர்களின் பெட்ஷீட்டும் தலையணை உறையும் துவாலையும் தினமும் மூட்டையாக வரும். பெரிய மெஷினில் பெட்ஷீட், சின்ன மெஷினில் மற்றதெல்லாம். வெளுத்ததும் ஒரு வாளித் தண்ணீரில் நீலம் விட்டு முக்கி எடுப்பாள் பாப்பா. எத்தனை சொட்டு என்பது அவள் கைக்குத்தான் தெரியும். ஒரு சொட்டு கூடினால் துணி வானம் மாதிரி ஆகிவிடும், ஒன்று குறைந்தால் பழைய பல் மாதிரி. பிறகு முற்றத்தில் மூன்று கொடியில் காயும்.

மழைக்காலம் வந்தால் காயாது. வீட்டுக்குள் நாற்காலி, கட்டில், கதவு, ஜன்னல் என்று எங்கு பார்த்தாலும் ஓட்டல் பெட்ஷீட் தொங்கும். பேய் வீடு மாதிரி அதற்குள் புகுந்து புகுந்து போய் சாப்பிடுவார்கள். அதற்காகத்தான் உலர்த்தும் மெஷின் ஒன்று வாங்கப் பல வருடமாகச் சேர்த்தார்கள். சேர்த்து முடிந்ததும் அண்ணன் அந்தப் பணத்தில், பழைய லோடு வண்டியை விற்ற பணத்தையும் போட்டு, வங்கியில் ஒரு கடனையும் போட்டு, இதை வாங்கிக்கொண்டு வந்தான். இரண்டு வரிசை தோல் சீட்டு, டிவி மாதிரித் திரை, கண்ணாடிக் கூரை, பின்னால் சாமான் ஏற்ற ஒரு தொட்டி. அந்தத் தொட்டி பழைய மூன்று சக்கர லோடு வண்டியின் தொட்டியைவிடச் சின்னது.

காரணம் ஒன்றுமில்லை. ஓட்டல் வாசலில் காவல்காரன் ஒருநாள், “லோடு வண்டியெல்லாம் பின்பக்கம் போப்பா” என்று கையைக் காட்டியிருக்கிறான். அந்தக் கை அண்ணனின் நெஞ்சில் குத்தி, பத்து மாதம் புரையோடி, கடைசியில் பிக்கப் வண்டியாக வெளியே வந்தது.

“ஒரே கை ஓட்டின வண்டி. ஒரு டாக்டரோடது. விக்கவே மனசில்லாம வித்தாராம்” என்றான் வந்த அன்று.

“டாக்டரே கைவிட்ட கேஸா?” என்றாள் அண்ணி.

அன்றைக்கே அதைத் திரையில் பார்த்துப் பார்த்துப் பின்னால் எடுத்து, முற்றத்துக் கொடிக்கம்பத்தைச் சாய்த்தான். மூன்று கொடி இரண்டாயிற்று.

“கழுத்தைத் திருப்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே.”

“கேமரா இருக்கும்போது கழுத்தை ஏன் திருப்பணும்? மனுஷன் வந்தா காட்டும், வண்டி வந்தா காட்டும். இவ்ளோ ஒல்லியான கம்பத்தை நட்டா அது என்ன பண்ணும்?”

முதல் முறை ஓட்டலுக்குப் போனபோது காவல்காரன் ஓடிவந்து சலாம் வைத்தான். அண்ணன் கண்ணாடியை இறக்கிச் சிரித்தான். பின் சீட்டில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாப்பாவைக் காவல்காரன் பார்த்தான். மூட்டையைப் பார்த்தான். சலாம் வைத்த கையாலேயே பின்பக்கம் காட்டினான்.

மண்டி போடுவது தினமும் நடந்தது. கடைசியில் ஒருநாள் சாவி போட்டும் எழவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார்கள். அந்த மனிதனுக்கு உச்சு என்று பேர். விலை சொல்வதற்கு முன்னால் நாக்கைத் தட்டி உச்சுக் கொட்டுவான். ஒரு உச்சு என்றால் பையில் இருப்பது போதும். இரண்டு என்றால் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். அன்றைக்கு வண்டிக்கு அடியில் படுத்தவாறே மூன்று கொட்டினான்.

“இதுல மத்த வண்டி மாதிரி வில்லுப் பட்டை கிடையாதுங்க. நாலு சக்கரத்துக்கும் காத்துப் பை. பை விரிசல் விட்டிருக்கு, காத்து இறங்குது. இறங்குன காத்தை அடிச்சு அடிச்சு மோட்டாரும் கருகிப் போச்சு. முன்னாடி ரெண்டு பை, ஒரு மோட்டார்.”

“பின்னாடி?”

“பின்னாடியும் அதே வயசுதானே. முன்னாடிதை மாத்துனா அது எவ்ளோ நாள் பொறுமையா இருக்கும்?” என்று சிரித்தான். “நீங்க கவலைப்படாதீங்க. இந்த வண்டி ஊருக்குள்ள வந்ததுல இருந்து நான் மாடி கட்ட ஆரம்பிச்சிருக்கேன்.”

அவன் சொன்ன தொகையைப் பாப்பா மனதுக்குள் பெட்ஷீட்டாக மாற்றிப் பார்த்தாள். எந்தத் தொகையையும் அப்படித்தான் பார்ப்பாள், அவளுக்கு வேறு கணக்குத் தெரியாது. ஒரு காற்றுப் பைக்கு மூவாயிரம் பெட்ஷீட் வெளுக்க வேண்டும். மூவாயிரம் பெட்ஷீட்டை அவள் நனைத்து, பிழிந்து, உதறி, தேய்த்து மடித்தால், அந்தப் பையில் இருக்கும் காற்றை வண்டி ஓட்டை வழியாக விட்டுவிடும்.

பெட்டியில் மீதியிருந்ததெல்லாம் போயிற்று. முன் கால்கள் நிமிர்ந்தன. அண்ணனும் நிமிர்ந்தான்.

அடுத்தது கூரை. வண்டிக்குள் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி. அதன் ஓரத்துத் தண்ணீர் வழிந்துபோக உள்ளே சின்னக் குழாய்கள். அவற்றில் எப்போதோ டாக்டர் வீட்டு இலை அடைத்திருந்திருக்கிறது. முதல் மழையில் தண்ணீர் நேராக ஓட்டுகிறவன் மடியில் விழுந்தது. பிறகு மழை நாளில் அண்ணன் பிளாஸ்டிக் பையை விரித்து அதன்மேல் உட்கார்ந்து போனான். இறங்கும்போது சரசரவென்று சத்தம் கேட்கும்.

“தலைக்கு மேல வானம் தெரியணும்னு ஆசைப்பட்டீங்க. வானமே உள்ள வந்துடுச்சு” என்றாள் அண்ணி.

அவளுக்கு அந்த வண்டிக்குள் பேசும் பெண் குரலைக் கண்டால் ஆகாது. யாருக்கும் புரியாத பாஷையில், இனிமையாக, நின்றால் ஒன்று நடந்தால் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கும். அண்ணன் அதற்கெல்லாம் தலையாட்டுவான்.

“இருபது வருஷமா நான் சொல்ற ஒரு வார்த்தைக்குத் தலையாட்டுனதில்ல. அந்தச் சக்களத்தி சொல்றது புரியக்கூட இல்ல, எப்படி ஆட்டுறாரு பாரு.”

ஆனால் சிரிப்பாகவே முடியவில்லை. பின்னால் தொட்டியை மூட, பொத்தானை அழுத்தினால் தானே உருண்டு வரும் ஒரு மூடி இருந்தது. ஓட்டலின் பின்வாசலில் ஒருநாள் அது திறக்க மறுத்தது. உள்ளே வெளுத்த பெட்ஷீட் அத்தனையும். அண்ணன் பொத்தானை அழுத்தினான். சாவியை அழுத்தினான். தொட்டியைத் தட்டிக் கொடுத்தான். சக்களத்தி ஏதோ ஆறுதல் சொன்னாள். மாடியில் மூன்று தளம் அறைகளில் வெறும் மெத்தை கிடக்க, வரவேற்பில் ஆட்கள் பெட்டியோடு நின்றார்கள். ஓட்டலின் மேனேஜரம்மா, இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க இறங்கி வந்தாள்.

“என்னய்யா, துணியை வெளுக்கக் குடுத்தா லாக்கர்ல வெச்சுப் பூட்டிக் கொண்டாந்திருக்கே?”

“சென்சார் மேடம். ஒரே நிமிஷம்.”

“அந்த நிமிஷம் வந்து ஒரு மணி நேரமாச்சு.”

காவல்காரன்தான் கடப்பாரை கொண்டுவந்து நெம்பினான். மூடி வளைந்து திறந்தது. அண்ணன் பெயிண்டைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினான். மேனேஜரம்மா பாப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள், அண்ணனைப் பார்க்கவில்லை.

“உங்க வெளுப்புல குறை சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன். சொல்லிட்டேன்.”

பாப்பா தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஓட்டல் போனால் கடை போயிற்று, கடை போனால் வங்கிக்காரன் வீட்டு வாசலுக்கு வருவான். அவளுக்கு அது தெரிந்தது. அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம் பெயிண்டைப் பற்றியே பேசினான்.

அதன் பிறகுதான் நீலம்.

திரையில் ஒரு படம் வந்தது. ஒரு சொட்டு, பக்கத்தில் என்னவோ எழுத்து, அடியில் தினமும் குறைந்துகொண்டே வரும் ஒரு எண். அண்ணன் வண்டி விற்றவனுக்குப் போன் செய்தான். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி பேசினான். போனை வைத்துவிட்டு ஜம்பமாக உள்ளே வந்தான்.

“ஒண்ணுமில்ல. ப்ளூ தீந்து போச்சாம். ப்ளூ ஊத்துனா சரியாயிடும்னு சொல்றான். டீசல் ஊத்துற ஓட்டைக்குப் பக்கத்துல நீல மூடி போட்டு இன்னொரு ஓட்டை இருக்கு, அதுல. பாப்பா, நம்ம நீலம் எங்க இருக்கு?”

“எந்த நீலம்?”

“எத்தனை நீலம் இருக்கு நம்ம வீட்டுல?”

அவன் சொன்னதும் நியாயம்தான். அந்த வீட்டில் நீலம் என்றால் ஒன்றுதான். வானத்துக்குக்கூட அவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தி வெகுநாளாயிற்று, மேகமா வெயிலா என்பதோடு சரி.

“வண்டிக்கு எதுக்குண்ணா நீலம்?”

“புகையை வெள்ளையாக்குறதுக்கு. பெரிய வண்டிங்க கறுப்புப் புகை விடக்கூடாது. அதுக்குன்னே தனியா டேங்க் வெச்சிருக்கான். படத்துலயே பாரு, சொட்டு நீலம்.”

பாப்பா போய்த் திரையைப் பார்த்தாள். சொட்டுதான். அவளுக்கு உள்ளூர ஒரு சின்ன மரியாதைகூட வந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அந்த வண்டி அவளுக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறது.

“எவ்வளவு கொள்ளும்?”

“பெரிய டேங்க்தான். ஒரு பாட்டிலை அப்படியே கவுத்துடு.”

“ஐயோ, அப்படி ஊத்தினா கறை பிடிச்சுக்கும்” என்றாள். அவளுடைய வேலையில் தப்பு நடக்க அவள் விடமாட்டாள். புது வாளி எடுத்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஊற்றி, சொட்டு சொட்டாக விட்டு, ஒரு வெள்ளைத் துணி மூலையை முக்கிப் பார்த்து, இன்னும் இரண்டு சொட்டு விட்டு, தலையணை உறை ஒன்றால் வடிகட்டிக் கொடுத்தாள். அத்தனை சுத்தமான நீலத்தண்ணீர் எந்த ஓட்டலின் மெத்தைக்கும் கிடைத்ததில்லை. அண்ணன் புனல் பிடித்து ஊற்றினான். அண்ணி வாசற்படியில் நின்று, “தேய்ச்சு மடிச்சும் குடுத்துடு” என்றாள்.

மறுநாள் ஓட்டலில் துணியைக் கொடுத்துவிட்டு அழுக்கு மூட்டைகளோடும் பாப்பாவோடும் திரும்பும்போது அண்ணன் டீக்கடை ஓரம் நிறுத்தினான். டீ குடிக்க இல்லை, வண்டி அங்கே நிற்பதை நாலு பேர் பார்க்க. குடித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினான். திரை முழுக்கச் சிவப்பு. சக்களத்தி நீளமாக ஏதோ சொன்னாள், இந்தத் தடவை குரலில் இனிமை இல்லை. வண்டி கிளம்பவில்லை. டீக்கடையில் இருந்த நாலு பேர் தள்ளினார்கள். எட்டுப் பேரானார்கள். பார்த்ததென்னவோ இருபது பேர்.

உச்சு வந்து நீல மூடியைத் திறந்தான். விரலை விட்டான். விரலைப் பார்த்தான். முகர்ந்தான். பிறகு தன் அழுக்குச் சட்டை நுனியில் துடைத்து அதையும் பார்த்தான்.

“என்னத்தை ஊத்துனீங்க?”

“ப்ளூ.”

“எந்த ப்ளூ?”

அண்ணன் சொன்னான். உச்சு நாக்கைத் தட்டவில்லை. அதுதான் பாப்பாவைப் பயமுறுத்தியது. அவன் மெதுவாக நடைபாதையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். டீக்கடைக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னான். அவனும் சிரித்தான்.

“வண்டிக்கு ஊத்துறதுக்குப் பேர்தாங்க ப்ளூ. தண்ணி மாதிரி இருக்கும், நிறமே கிடையாது. உப்பு மாதிரி ஒண்ணு கலந்து கேன்ல விப்பான், விலையும் கம்மி. உங்களுது இப்ப பம்பு, ஊசி, குழாய், சைலன்சருக்குள்ள இருக்குற புகை வடிகட்டி வரைக்கும் போயிருக்கும். எல்லாமே மாத்தணும். கழுவுனாப் போகாது. அதான் உங்களுக்கே தெரியுமே, நல்ல நீலம் போகாது!”

அவன் தொகை சொன்னான். பாப்பா பெட்ஷீட்டாக மாற்றத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். அத்தனை பெட்ஷீட் அந்த ஓட்டலிலேயே இல்லை.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து முற்றத்தில் விட்டார்கள். அன்று சோறும் முட்டையும்தான். அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

“கலந்தது பாப்பாதானே. அவளுக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?”

அண்ணி கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் கேட்டது. “ஏங்க, அவ என்ன, வண்டிக் கம்பெனியிலயா வேலை பாக்குறா? நீலம் குடுன்னீங்க, குடுத்தா. நெருப்பு குடுன்னு கேட்டிருந்தா அதையும் வடிகட்டிக் குடுத்திருப்பா.”

“சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு.” பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டான். “வழி யோசிச்சுட்டேன். சந்தைப் பக்கம் சலவைக்கடை வெச்சிருக்கானே, அவன் நம்ம பெரிய மெஷினைக் கேட்டுக்கிட்டே இருந்தான். போன் பண்ணிட்டேன். காலையில பாக்க வரான். வித்துட்டு வண்டியை ரெடி பண்ணிடலாம்.”

பாப்பா கையில் இருந்த சோற்றை வாயில் போடவில்லை.

“மெஷின் இல்லாம பெட்ஷீட்டை எதுலண்ணா வெளுக்குறது?”

“சின்னது இருக்குல்ல. ரெண்டு தடவையா போடு. இல்லைன்னா கையால. அம்மா கையாலதானே வெளுத்தாங்க?”

“கண்ணை வித்துச் சித்திரம் வாங்குறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்றாள் அண்ணி. “சித்திரத்தைக் கட்டிக்கிட்டு வந்தாச்சு. இப்ப கண்ணை விக்கக் கிளம்பிட்டாரு.”

“வண்டி இல்லாம மூட்டையைத் தலையில தூக்கிட்டுப் போவீங்களா? ஆம்பளை இல்லாத வீடு மாதிரிப் பேசாதீங்க.”

அவன் எழுந்து போய்க் கை கழுவி, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். ஓடாத வண்டியில், கண்ணாடிக் கூரையில் வானத்தைப் பார்த்தவாறு, ராஜா மாதிரி இருந்தான். கதவுக் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பாப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை. மீன்தொட்டிக்குள் ஒரு பெரிய மீன் வாயைத் திறந்து மூடுவதைப் பார்ப்பது போல இருந்தது.

விடிந்தும் விடியாமல் அவள் காய்கறிக்காரர் வீட்டுக்குப் போனாள். பழைய லோடு வண்டியை வாங்கியவர் அவர்தான். அவள் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து அவர் பயந்துவிட்டார், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று.

“என்னம்மா?”

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற வண்டியை விரலால் காட்டினாள். காரணம் அவருக்கு அதிலேயே புரிந்துவிட்டது. ஊருக்கே புரிந்த விஷயம்தானே.

“சந்தையில இறக்கிட்டு வரேன். தினமும் வேணும்னாலும் வரேன். என்ன, வெங்காய வாசனை அடிக்கும்.”

“துணி விரிச்சு மூடிக்கறேன்” என்றாள். அதுதான் அவள் அன்று வெளியாளிடம் பேசிய முதல் வார்த்தை.

அந்த வண்டி இன்னும் கம்பி கட்டிய சைலன்சரோடு, தும்மித் தும்மித்தான் ஓடியது. வெளுத்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டலின் பின்வாசலுக்கு நேராகப் போனாள். மேனேஜரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

“உங்க அண்ணன் எங்கே?”

“வண்டியில உக்காந்திருக்காரு.”

“எங்க போற வண்டி?”

“போகாத வண்டி.”

மேனேஜரம்மா சாவிக்கொத்து குலுங்கச் சிரித்தாள். அழுக்கு மூட்டை வழக்கத்தைவிட அதிகம் இருந்தது. கல்யாணக் கூட்டம் ஒன்று தங்கிவிட்டுப் போயிருந்தது. பாப்பா அத்தனையும் ஏற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பெரிய மெஷினின் வாய் பிதுங்கும் வரை திணித்து, கதவைச் சாத்தி, ஓடவிட்டாள். அது ஓடத் தொடங்கிவிட்டால் முடியும்வரை கதவு திறக்காது. பிறகு சின்னதையும் நிரப்பினாள்.

சந்தைப் பக்கத்து ஆள், மெஷின் தூக்குகிற இரண்டு ஆட்களோடு வந்தபோது, மெஷின் தரை அதிர உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் தலை சீவிச் சட்டை மாற்றியிருந்தான்.

“நிறுத்து பாப்பா.”

“உள்ள தண்ணி இருக்குண்ணா.”

“நிறுத்துன்னா நிறுத்து!”

“ஓட்டல்காரங்க துணி இருக்கு.”

வந்தவர் காத்திருந்தார். அண்ணி டீ கொடுத்தாள். ஒரு நடை முடிந்தது. பாப்பா துணியை எடுத்து, அதே மூச்சில் அடுத்த மூட்டையைத் திணித்துக் கதவைச் சாத்தினாள். மறுபடி உறுமல். அண்ணி இன்னொரு டீ போட்டாள்.

“என்னங்க இது?” என்றார் அந்த ஆள். “ஓடுற மெஷினை எப்படித் தூக்குறது?”

பாப்பா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். மெஷின் உறுமலுக்கு மேலே கேட்கும்படி பேசினாள்.

“இது எங்க அப்பா ரெண்டு பேருக்கும் எழுதுனது. பாதி இவருது. அவர் பாதியை அவர் விக்கிறாரு, நான் குறுக்க நிக்கல. எந்தப் பாதின்னு கேட்டு, வெட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. என் பாதி ஓடணும்.”

தூக்க வந்த ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். அந்த ஆள் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“நிக்கிற வண்டிக்கு ஓடுற மெஷினை விக்கிறாருன்னு ஊருல சொன்னாங்க. கிண்டல்னு நினைச்சேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். “வரேன் தம்பி. வண்டி விக்கறதா இருந்தா என்னைக் கூப்பிடாதீங்க.”

அண்ணன் கத்தினான். குடும்ப மானம் என்றான், பொம்பளை நாக்கு என்றான், அப்பா இருந்திருந்தால் என்றான். பாப்பா கேட்கவில்லை. அவளிடம் கல்யாணக் கூட்டத்தின் ஈரத்துணி மலையாகக் கிடந்தது. இருந்த இரண்டு கொடியும் நிறைந்துவிட்டது. மேற்கே மேகம் கட்டியிருந்தாலும் காற்று நன்றாக வீசியது, விட்டால் போய்விடும். கிழக்குச் சுவரின் ஆணியில் ஒரு கயிற்றைக் கட்டினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். கம்பம் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. குழியை ஒட்டி வண்டி நின்றது. தொட்டிக்கு மேலே, அழகுக்கென்று ஒரு பளபளப்பான வளைவுக் கம்பி.

இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“ஏய், ஏய்! பெயிண்ட் போயிடும்! அது என்ன வண்டி தெரியுமா? கொடிக்கம்பமா அது?”

“கம்பத்தைச் சாய்ச்சது அதுதானே” என்றாள் அண்ணி, ஒரு பெட்ஷீட்டின் நுனியைப் பிடித்தவாறு. “இடிச்சவன் நிக்கட்டும்.”

இரண்டு பெண்களும் உதறி உதறிப் போட்டார்கள். வெள்ளை வெளேரென்று பதினைந்து பெட்ஷீட் காற்றில் உப்பின. அத்தனை பணத்துக்கும் அன்றுதான் அந்த வண்டி ஒரு வேலை செய்தது. அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பாப்பா துணி காய்ந்ததா என்று பார்க்க வந்தாள். நடுவில் தொங்கிய பெட்ஷீட்களின் நுனி சேற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டும்போது இரண்டு சாண் உயரத்தில் இருந்தவை. முடிச்சைப் பார்த்தாள், அவிழவில்லை. ஆணியைப் பார்த்தாள், அசையவில்லை. அப்புறம்தான் வண்டியைப் பார்த்தாள்.

பின்பக்கம் உட்கார்ந்துகொண்டிருந்தது. மெதுவாக, ஓசையில்லாமல், வெட்கமில்லாமல்.

“அண்ணி.”

அண்ணி வந்து பார்த்தாள். சேறு பட்ட நுனிகளைப் பார்த்தாள். ஒரு நுனியைக் கையில் எடுத்துக்கொண்டு, “கொடிக்கம்பமாக்கூட நிக்கத் தெரியல பாரு” என்றாள். அதைச் சொன்னபோது அவள் வண்டியைப் பார்க்கவில்லை, வாசற்படியில் இருந்த அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணனும் எழுந்து வந்திருந்தான். கயிறு தொய்ந்திருப்பதையும் துணி சேற்றில் கிடப்பதையும் பார்த்தான். இந்தத் தடவை ஏறி இறங்க வசதி என்று சொல்லவில்லை.

பாப்பா உள்ளே போனாள். காய்கறிக்காரர் காலையில் மூட்டைக்கு இடம் பண்ண இறக்கி வைத்து மறந்துவிட்டுப் போன ஜாக்கி, அவர்களுடைய பழைய ஜாக்கிதான், படிக்கட்டின் கீழ் கிடந்தது. அதை எடுத்து வந்து அவன் காலடியில் வைத்தாள். கொல்லைச் சுவரோரம் அடுக்கியிருந்த செங்கலைக் காட்டினாள்.

அவன் ஜாக்கியைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான், காலையில் மெஷின் வாங்க வந்தவனுக்காக மாற்றிய சட்டை. பிறகு வண்டிக்குப் பின்னால் போய், சேற்றில் மண்டி போட்டான். ஒரு பக்கம் தூக்கிச் செங்கலைச் செருகினான். மறுபக்கம் போய்த் தூக்கிச் செருகினான். கயிறு கொஞ்சம் விறைத்தது. துணியின் நுனிகள் சேற்றை விட்டு எழுந்து, காற்றில் ஆடப் பார்த்து, இன்னும் தயங்கின.

“போதுமா?” என்றான் அடியில் இருந்து.

பாப்பா பின்னால் நகர்ந்து நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இன்னொண்ணு வைண்ணா.”